ஓனர் நல்லவர், சரி, வண்டி?

பழைய கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் நம் ஊரில் முதலில் கிடைக்கும் அறிவுரை, “புரோக்கர்கிட்ட போகாதே, ஓனர்கிட்ட நேரா வாங்கு” என்பதுதான். அதில் நியாயம் இருக்கிறது. கமிஷன் மிச்சம், கடைக்காரர் வைக்கும் லாபமும் மிச்சம். வண்டியை ஓட்டியவரிடமே நாலு கேள்வி கேட்கலாம். நானும் 4 லட்சத்துக்குள் ஒரு சின்ன பெட்ரோல் காருக்காக, திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கரூர், திண்டுக்கல், சென்னை என்று ஓனர்களையே தேடிப் போய்ப் பார்த்தேன். அந்த அலைச்சலில் ஒன்று எனக்கு உறுதியாகப் பட்டது. ஓனர் நல்லவரா என்பது ஒரு கேள்வி, வண்டி நல்லதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்த சந்தோஷத்தில் இரண்டாவதைக் கேட்காமலேயே பலர் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

சட்டமும் இந்த விஷயத்தில் நமக்குப் பெரிதாகக் கை கொடுக்காது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், விற்பவர் அந்தப் பொருளை வியாபாரமாக விற்பவராக இருந்தால்தான் தரத்துக்கு அவரைப் பொறுப்பாக்குகிறது. தன் சொந்தக் காரை விற்கும் தனிநபருக்கு அந்தப் பொறுப்பு பெரும்பாலும் கிடையாது. வண்டி தன்னுடையதுதான், விற்கத் தனக்கு உரிமை உண்டு என்பதற்கு மட்டும் அவர் பொறுப்பு. அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்று நிரூபிக்க முடிந்தால் வேறு கதை. அதற்கும் சிவில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியதை எல்லாம் பணம் கைமாறும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

தஞ்சாவூரில் பார்த்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருடையது. 2014 மாடல், அவர் இரண்டாவது ஓனர். ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் தேதிவாரியாக ஃபைலில் கோத்து வைத்திருந்தார். சீட் கவரில் ஒரு கறை இல்லை. எங்களை உட்கார வைத்து காபி கொடுத்தார். “தம்பி, வண்டியில ஒரு கீறல் கிடையாது. நான் 50-க்கு மேல ஓட்டினதே இல்ல” என்றார். அவர் பேச்சில் சந்தேகப்பட எதுவுமே இல்லை, இப்போதும் அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

என்னோடு வந்த மெக்கானிக் அண்ணன் பாலக்கரையில் பட்டறை வைத்திருப்பவர். அதிகம் பேச மாட்டார். பானெட்டைத் திறந்தவர் இன்ஜினைப் பார்க்கவே இல்லை. பானெட்டின் கீல் போல்ட்டில் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டார். போல்ட்டின் முனைகளில் பெயிண்ட் பெயர்ந்து உள்ளிருக்கும் இரும்பு தெரிந்தது. கம்பெனியில் பாடியைப் பூட்டிய பிறகுதான் பெயிண்ட் அடிப்பார்கள். போல்ட்டின் மேல் பெயிண்ட் உடையாமல் இருக்க வேண்டும். ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் பானெட் ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் முன்சக்கரத்துக்கு மேலே உள்ள ஏப்ரன் தகட்டைக் காட்டினார். இடப் பக்கம் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சம இடைவெளியில் வட்ட வட்டமாக இருந்தன. வலப் பக்கம் அந்தப் புள்ளிகளே இல்லை, மேடு பள்ளமான வெல்டிங்கின் மேல் சீலன்ட் பூசி பெயிண்ட் அடித்திருந்தார்கள். கண்ணாடிகளின் மூலையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு எண்ணையும் பார்த்தோம். மற்றதெல்லாம் 2014, முன் கண்ணாடி மட்டும் 2016. கல் பட்டுக்கூட முன் கண்ணாடி மாறியிருக்கலாம். அதை மட்டும் வைத்து ஒரு வண்டியை ஒதுக்க முடியாது. ஆனால் போல்ட், வெல்டிங், கண்ணாடி மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் அந்தக் கதையை நம்பத்தான் வேண்டும். வண்டி முன்பக்கம் பலமாக அடிபட்டு, டிங்கர் வேலை பார்க்கப்பட்டிருக்கிறது.

ஆசிரியரிடம் காட்டினோம். அவர் முகம் மாறிவிட்டது. 2017-இல் வாங்கும்போது அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் பானெட்டுக்குள் பார்க்கவில்லை. “இது எனக்கே இப்பதான் தம்பி தெரியுது” என்றார். அவர் ஃபைலில் இருந்த பில் எல்லாம் 2017-க்குப் பிந்தியவை. அதற்கு முந்திய மூன்று வருடங்களைப் பற்றி அந்த ஃபைலில் ஒரு தாள்கூட இல்லை. இரண்டாவது, மூன்றாவது ஓனரிடம் வாங்குகிறவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய இடம் இது. அவருக்குத் தெரிந்ததைத்தான் அவர் சொல்ல முடியும். முதல் ஓனர் காலத்துச் சர்வீஸ் விவரத்தை, வண்டிக்காரரையே கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கேளுங்கள். பதிவு எண்ணையோ சேஸிஸ் எண்ணையோ கொடுத்தால் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன வேலைக்கு வந்தது என்று அங்கே கம்ப்யூட்டரில் இருக்கும். கிலோமீட்டர் மீட்டரைக் குறைத்து வைத்திருந்தாலும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியும் ஒரு சாட்சிதான். அதில் நோ க்ளைம் போனஸ், அதாவது க்ளைம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். க்ளைம் இல்லாமல் ஒரு வருடம் போனால் 20, தொடர்ந்து ஐந்து வருடம் போனால் 50 சதவீதம். எட்டு வருட வண்டி, “தொட்டதே இல்லை” என்கிறார், ஆனால் போனஸ் 20 என்று இருக்கிறது என்றால், இடையில் ஏன் விழுந்தது என்று கேட்க வேண்டும். க்ளைம் எடுத்ததாலும் இருக்கலாம், பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டதாலும் இருக்கலாம். பதில் எதுவாக இருந்தாலும் அது நமக்குத் தேவை.

சென்னையில் பார்த்தது வேளச்சேரிப் பக்கம். ஒரே ஓனர், ஓடியது குறைவு, விலையும் சந்தை விலையைவிட நன்றாகக் குறைவு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தப் பகுதி எப்படி மூழ்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். “எங்க வண்டி மாடியில நின்னுச்சு சார்” என்றார்கள். உள்ளே நல்ல வாசனைத் திரவிய வாடை, தேவைக்கு அதிகமாகவே. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தோம். தினமும் வெளியே வரும் பகுதி சுத்தமாக இருந்தது. ரீலுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் கடைசி முழத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. கார்ப்பெட்டை மாற்றலாம், சீட்டைக் கழற்றி வெயிலில் வைக்கலாம். அந்தக் கடைசி முழத்தை யாரும் துவைப்பதில்லை. சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலையில் காய்ந்த வண்டல். அதற்கு மேல் பேசவில்லை, வந்துவிட்டோம்.

தண்ணீரில் நின்ற வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன். வயரிங்கும் ஏர்பேக் கனெக்டரும் உள்ளுக்குள் மெதுவாக அரித்துக்கொண்டே இருக்கும். அடிபட்ட வண்டி இன்றைக்கே தன் குறையைக் காட்டிவிடும், நனைந்த வண்டி ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் காட்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் சரி, 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மூழ்கியபோதும் சரி, நனைந்த வண்டிகள் அங்கேயேதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. பதிவு எண்ணில் சேலம் என்று இருப்பதால் வெள்ளம் பார்க்காத வண்டி என்று நினைத்துவிடக் கூடாது.

திண்டுக்கல் அனுபவம் வேறு மாதிரி. விளம்பரத்தில் “ஓனர் நேரடி விற்பனை” என்று இருந்தது. போனில் பேசியவரும் “நம்ம வண்டிதான் ப்ரோ” என்றார். ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றிதழைக் கேட்டால் வேறு பெயர். “அவர் துபாய்ல இருக்கார், சைன் எல்லாம் போட்டுக் கொடுத்துட்டார்” என்று ஒரு கவரைத் திறந்து காட்டினார். உள்ளே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-உம் படிவம் 30-உம், விற்பவர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரும் தேதியும் காலியாக. இதைத்தான் ஓப்பன் டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள். அவர் வாங்கினார், பெயர் மாற்றவில்லை, லாபம் வைத்து விற்கிறார். ஆர்.சி.யில் இரண்டாவது ஓனர் என்று இருந்தாலும் உண்மையில் எத்தனை கை மாறியது என்று யாருக்கும் தெரியாது.

இதில் ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. ஆர்.சி.க்காரர் நாளைக்கு “எனக்குப் பணம் வரவில்லை, வண்டியைக் கொடு” என்று நின்றால் நம் கையில் இருப்பது ஒரு காலிப் படிவம் மட்டும்தான். பெயர் மாற்றாமல் விற்ற ஆர்.சி.க்காரருக்கோ அதைவிடப் பெரிய தலைவலி. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்தை ஏற்படுத்தியது. பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. அவர் வண்டியை விற்றுப் பல காலம் ஆகியிருந்தது. நீங்கள் விற்பவராக இருந்தாலும் இதை மனதில் வையுங்கள்: சாவியைக் கொடுத்தால் விற்றதாகாது.

இப்போது பெயர் மாற்றத்துக்கான ஆன்லைன் விண்ணப்பத்தில் வாகனப் பதிவோடு இணைந்த மொபைல் எண்ணுக்கு ஓ.டி.பி. போகிறது. அதனால் விலை பேசும் முன்பே, “ஆர்.சி.யில இருக்கிற நம்பர் இப்ப உங்ககிட்ட இருக்கா சார்?” என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறவர் பெரும்பாலும் ஓனர் இல்லை. ஓனராகவே இருந்தாலும், பழைய சிம்மைத் தொலைத்திருந்தால் எண்ணை மாற்றிய பிறகுதான் அடுத்த வேலை நடக்கும்.

கரூரில் இரண்டு அண்ணன் தம்பிகள் தங்கள் அப்பாவின் காரை விற்றார்கள். அப்பா தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது, ஆர்.சி. இன்னும் அவர் பெயரிலேயே. வண்டி அருமையான வண்டி, மெக்கானிக் அண்ணனே தலையாட்டினார். கையெழுத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். “அப்பா சைன் நானே போடுவேண்ணே. பேங்க்லயே போட்டிருக்கேன்” என்றார் தம்பி, வெகு இயல்பாக. அவர்களுக்கு ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் இறந்தவர் பெயரில் போட்ட கையெழுத்தை வைத்து வண்டி வாங்குவது போர்ஜரிக்கு நாமும் துணை போவது. படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வைத்து முதலில் ஒரு வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அவர்தான் நமக்கு விற்க முடியும். அவர்களுக்குக் கோயம்புத்தூரில் ஒரு அக்கா இருக்கிறார். அவரிடம் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. “முடிச்சுட்டுக் கூப்பிடுங்க தம்பி” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் கூப்பிடவில்லை.

கடைசியாக வாங்கியது உள்ளூரிலேயே, ஸ்ரீரங்கத்தில். அரசு வேலையில் இருக்கும் ஒரு அக்கா. முதல் ஓனர், 2016 மாடல், எல்லாச் சர்வீஸும் ஒரே இடத்தில். முன்கூட்டியே போன் செய்து, “நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ண வேண்டாம்க்கா” என்று சொல்லியிருந்தேன். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தோம், சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்தபோது சைலன்சரில் நீலப் புகை இல்லை. இருந்திருந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆயில் மூடியின் உள்பக்கம் காபி நுரை போன்ற பசை இல்லை. இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த விளக்கு எரியவே இல்லை என்றால் பழுதை மறைக்க அதன் இணைப்பையே எடுத்திருக்கலாம்.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டம் அடித்தோம், கடகட சத்தம் இல்லை. மெக்கானிக் அண்ணன் ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். எரர் இருக்கிறதா என்பதோடு, எரரை அழித்து எத்தனை கிலோமீட்டர் ஆனது என்றும் பல வண்டிகளில் அது காட்டும். நேற்று அழித்திருந்தால் இன்று சுத்தமாகத்தான் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். மீட்டரில் 30,000 என்று இருந்து நாலு டயரும் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வண்டி சரி. சிக்கல் ஆர்.சி.யில் இருந்தது. லோனை அடைத்து நாலு வருடம் ஆகியும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வாகனப் பதிவு விவரம் காட்டும் அரசின் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டபோதே அது தெரிந்துவிட்டது. “லோன் முடிஞ்சிருச்சு தம்பி, என்.ஓ.சி. பீரோவுல இருக்கு” என்றார் அக்கா. பாக்கி இல்லை, ஆட்சேபனை இல்லை என்று வங்கி கொடுக்கும் கடிதம் அது. எடுத்துப் பார்த்தால் அதன் செல்லுபடிக் காலம் மூன்று மாதம், எப்போதோ முடிந்துவிட்டது. லோன் முடித்தவுடன் படிவம் 35-ஐயும் என்.ஓ.சி.யையும் கொடுத்து ஹெச்.பி. கேன்சல், அதாவது ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கும் வேலை, செய்ய வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இது அத்தனை வீடுகளிலும் நடக்கிற விஷயம்.

இந்த இடத்தில்தான் நான் கறாராக இருந்தேன். “வண்டிய நீங்க எடுத்துக்குங்க, நான் மெதுவா என்.ஓ.சி. வாங்கித் தர்றேன்” என்று அவர் சொன்னது நல்ல மனதோடுதான். ஆனால் வங்கியில் புது என்.ஓ.சி. கேட்டு நடக்க வேண்டியவர் லோன் வாங்கியவர். முழுப் பணமும் கைக்கு வந்த பிறகு அந்த நடை யாருக்கும் பாரமாகத்தான் தெரியும். 10,000 ரூபாய் மட்டும் அவர் வங்கிக் கணக்குக்கு அட்வான்ஸாக அனுப்பினேன். ஹெச்.பி. கேன்சல் ஆனதும் மீதி, ஆகாவிட்டால் அட்வான்ஸ் திரும்ப என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவருக்கு முதலில் கொஞ்சம் வருத்தம். அவருடைய கணவர்தான், “அந்தத் தம்பி கேக்கிறது சரிதானம்மா” என்றார். சில வாரம் ஆனது. பரிவாகனில் வங்கிப் பெயர் போனதைப் பார்த்த பிறகு மீதியை அனுப்பினேன், அதுவும் ஆர்.சி.யில் பெயர் இருந்த அக்காவின் கணக்குக்கு மட்டும். ரொக்கம் வேண்டும் என்று யாராவது கேட்டால் ஒன்று சொல்லுங்கள்: 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கியவருக்குத்தான் அதே தொகை அபராதம். பெரும்பாலானவர்கள் அதோடு கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுவார்கள்.

வண்டி கைமாறும்போது எழுதும் டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். அந்த நேரத்துக்கு முன்பான சலான், விபத்து எல்லாம் அவர்கள் பொறுப்பு, பின்பு நம் பொறுப்பு. நிலுவையில் உள்ள இ-சலான்களை ஆன்லைனில் பார்த்து அன்றே கட்ட வைத்துவிடுங்கள். சலான் பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நிற்கலாம்.

பெயர் மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு கெடு வைத்திருக்கிறது. மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸுக்கும் 14 நாள்தான். இதில் பெரிய குழப்பம் இருக்கிறது. 157-வது பிரிவின்படி பாலிசி தானாகவே புது ஓனருக்கு மாறிவிடும் என்று சொல்வார்கள். மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்கு அது சரி. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அப்படி இல்லை, பாலிசி நம் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். பழைய ஓனரின் நோ க்ளைம் போனஸும் நமக்கு வராது, அது ஆளுக்கு உரியது. பெயர் மாற்றும்போது அந்தத் தள்ளுபடிக்கான வித்தியாசத்தைக் கம்பெனி நம்மிடம் வசூலிக்கும். இந்தத் தொகையையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்பவர் போனஸை உறுதி செய்யும் கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் தன் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம். அக்காவுக்கு அது தெரியவில்லை, சொன்னதும் சந்தோஷப்பட்டார்.

ஃபாஸ்டேக்கையும் மறக்காதீர்கள். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான். பழைய ஓனர் தன் டேக்கை மூடாமல் நமக்குப் புது டேக் வாங்குவது சிக்கல். கண்ணாடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுத்தால் கணக்கு மூடியதாகாது, டேக் கொடுத்த வங்கியில் சொல்லித்தான் மூட வேண்டும். சாவி வாங்கும்போதே அவர்கள் போனில் அந்த வேலையை முடிக்கச் சொல்லுங்கள்.

2024 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் ஆர்.சி. ஸ்பீட் போஸ்ட்டில்தான் வீட்டுக்கு வருகிறது. அதனால் விண்ணப்பத்தில் முகவரியையும் மொபைல் எண்ணையும் இரண்டு தடவை சரி பாருங்கள். வந்ததும் பெயரை மட்டும் பார்த்துவிட்டு பர்ஸில் வைக்காமல், இன்ஜின் எண், சேஸிஸ் எண், பதிவு செல்லுபடியாகும் தேதி எல்லாவற்றையும் வண்டியோடு ஒத்துப் பாருங்கள். வங்கிப் பெயர் இருந்த இடம் காலியாக இருக்க வேண்டும். அந்த ஆர்.சி.யின் நகலை விற்றவருக்கும் அனுப்பி வையுங்கள், வண்டி தன் பெயரில் இல்லை என்பதற்கு அவரிடமும் ஓர் ஆதாரம் இருக்க வேண்டும் அல்லவா. அதே நகலோடு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கொடுத்த விண்ணப்பம் முடிந்துவிட்டதா, பாலிசி நம் பெயரில் வந்துவிட்டதா என்றும் அன்றே கேட்டுவிடுங்கள்.